கூட வந்தவள்

"யாருக்குப் பாக்கணும்?" என்று அந்த ஆள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளைப் பார்த்துக் கேட்கவும் இல்லை. பொன்சிங்கைப் பார்த்துத்தான் கேட்டார், பதிலுக்குக்கூடக் காத்திராமல் "பேரு?" என்றார். ரேஷன் கடையானாலும் கரண்டு ஆபீசானாலும் ஜன்னலில் யாராவது பேர் கேட்டால் தன் பேரைச் சொல்லியே பழகிய மனுசன், "பொன்சிங்" என்று சொல்லிவிட்டார். எத்தனை வருசமா? ஒரு மூணு வருசம் இருக்கும். கூட வந்தது சம்சாரமா? ஆமா. சரி, நீங்க அந்த பெஞ்சு, அவங்க இந்த பெஞ்சு. முடிந்தது. ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்துகிற பிரிவுக்கு ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால் யார் குடிக்கிற ஆள், யார் கூட வந்த ஆள் என்று விசாரிக்கவா வேண்டும்? சேலை கட்டியிருந்தால் அழ வந்தவள். ஹெப்சிபா இப்போது சுவரோரப் பெஞ்சில், கூட வந்த பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள். எதிர்ப் பெஞ்சில், குடிக்கிறவர்கள் வரிசையில், திருவிருந்தில் கொடுக்கிற அந்த ஒரு வாய் திராட்சரசத்துக்கே முகத்தைச் சுளிக்கிற அவள் புருசன், முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? தெரியாமல் சொல்லியிருந்தால் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பாவது சிரித்திருப்பார், ஐயோ மாத்திச் சொல்லிட்டேனே என்று தலையைச் சொறிந்திருப்பார். திரும்பவில்லை. நேரே போய் உட்கார்ந்துகொண்டார். அப்படியென்றால் தெரிந்தேதான். அந்தப் பேர் தன் பேராக இல்லாமல் போனதும் அவள் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஒன்று இறங்கியதே, அப்பாடா என்று, அந்த அப்பாடாவை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. தன்னை எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டதே அவள்தான். கேட்ட வாயால் இந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை. அந்த வாய்க்குள் ஏலக்காய் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள், அவரும் நம்பியிருக்கிறார். இன்று காலையில் அவர் குளிக்கப் போனபோது அரை டம்ளர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். குடிக்காமல் குடியை விட வருவதற்குத் தைரியம் வரவில்லை. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

"உங்க வீட்டுக்காரரு பாத்தா குடிக்கவரு மாதிரியே தெரியலியே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். பேர் மாரித்தாய், கோயில்பட்டிப் பக்கம் ஏதோ ஊர். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இதையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். அவளுடைய ஆள் எதிரே சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான், கை மட்டும் தூங்காமல் தொடைமேல் தாளம் போட்டது. ஹெப்சிபா தன் கைகளைப் பையின் வார்களுக்குள் சுற்றி இறுக்கிக்கொண்டாள். காலையில் உள்ளே போனது மத்தியானம்வரை தாங்கும், அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிடுவார்களா, கூப்பிடாவிட்டால் இந்தப் பொம்பளை கையைப் பார்த்துவிடுவாளே. "அடிப்பாகளா?" "இல்ல." "ஏசுவாகளா?" "சத்தமே போடமாட்டாவ." "அதுவே நீ செஞ்ச புண்ணியம் தாயி. இது இருக்கே, இது குடிச்சிட்டு வந்தா தெருவே கூடிரும். எங்கன ஒளிச்சு வைப்பாக?" இதற்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வருசத்தில் இதை அவளிடம் கேட்ட முதல் ஆள் இவள். வாய் தானாகத் திறந்தது. "தையல் மெசின் பெட்டிக்குள்ள. பாவாடைத் துணிக்குக் கீழ." மாரித்தாய் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "ஆம்பளைக்கு வந்த மூளையப் பாரேன்! பொம்பள கை போற எடத்துலயே வச்சிருக்காகளே!" ஹெப்சிபாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவர் மத்தியானம்தான் குடிப்பார், தெரு அடங்கினதும், கதவைச் சாத்திக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரில், மோர் குடிக்கிற மாதிரி நின்றபடியே குடிப்பார் என்றாள். குடித்தால் அழமாட்டார், ஒன்றும் செய்யமாட்டார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவர் அவர் என்று சொல்லச் சொல்ல எவ்வளவு லேசாக வந்தது! எவளையோ பற்றிப் பேசுவது போல இருந்தது, எவளோ ஒருத்திமேல் முதல்முறையாக இரக்கம்கூட வந்தது. எதிர்ப் பெஞ்சிலிருந்து பொன்சிங் தலையைத் தூக்கி, சிரிக்கிற பெஞ்சாதியைப் பார்த்தார். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்குத் தெரியும். என்ன சொல்லிச் சிரிக்கிறாள் என்பது தெரியாது. அவருக்கும் ஒரு சிரிப்பு வந்தது பாவம், அதைப் பார்த்ததும் ஹெப்சிபா குனிந்து பையின் வாரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

சுவரில் ஈரல் படம் ஒன்று மாட்டியிருந்தது, நல்ல ஈரல், கெட்ட ஈரல். கறிக்கடையில் தொங்குவதைவிடச் சிவப்பாக இருந்தது நல்லது. கீழே பெரிய எழுத்தில் குடி குடியைக் கெடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். நீ குடிப்பியா என்று யாராவது கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள், பொய்யாக அல்ல, மெய்யாகவே. அவள் வீட்டில் அதற்குப் பேர் குடி இல்லை, மருந்து. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கு முட்டையை அடித்து ஊற்றி ரெண்டு மூடி பிராந்தி கொடுப்பது அவர்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. சாராயம் காய்ச்சுகிறவனைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அம்மா, வேதப்புத்தகம் வைத்த அலமாரியிலேயே அந்தப் பாட்டிலையும் வைத்திருந்தாள், மருந்துதானே. எட்டாம் மாசமே பிறந்துவிட்ட பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பிள்ளை இல்லாமல் வீட்டுக்கு வந்தவளுக்கு அம்மா பத்தியத்தை மட்டும் விடவில்லை. "பிள்ளை இருந்தாலும் இல்லாட்டாலும் உடம்பு பச்ச உடம்புதாம்ட்டி, குடி." பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடந்த நாட்கள். யாருக்காக இது சுரக்கிறது என்று இந்த உடம்பிடம் யார் சொல்வது? ரவிக்கை நனைந்து நனைந்து காய்ந்தது. அம்மா அதைப் பார்த்துத் தான் அழுதுவிடக் கூடாதென்று இன்னொரு மூடி சேர்த்து ஊற்றினாள். அது தொண்டையில் எரிந்து, நெஞ்சில் பரவி, கல் இளகி, கண் சொக்கி, ஆ, அந்த முதல் தூக்கம். பெட்டி இல்லாத, குழாய் இல்லாத தூக்கம். அம்மா ஊருக்குப் போகும்போது பாட்டிலில் பாதி மீதி இருந்தது. நிறுத்து என்று அம்மா சொல்லவில்லை, மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டியது இல்லையே, முடிந்தால் நின்றுவிடும் என்று நினைத்திருப்பாள். முடிந்துதான் போனது. அதுதான் கஷ்டமாகிவிட்டது.

முடிந்ததும் யாரிடம் கேட்பது? பொம்பளை போய் நிற்கிற கடையா அது? மீன் கொண்டு வருகிற சவேரியம்மாதான் வாங்கித் தந்தாள். அவள் கூடை காலியானதும் தனக்கு ஒன்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுகிறவள், யாருக்கும் பயப்படமாட்டாள். "யாருக்கும்மா?" என்று அவளும் கேட்டாள். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், யாருக்கு, யாருக்கு. "தங்கச்சி பிள்ள பெத்திருக்கா, மருந்துக்கு." அப்படி ஆரம்பித்தது. பிறகு சித்தி மகள் பெற்றாள். பிறகு நாத்தனார். அடுத்த வீட்டுக்கு மாற்றலாகி வந்த பெண் பெற்றாள், அவளுடைய அக்கா பெற்றாள். மூன்று வருசத்தில் ஹெப்சிபாவின் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பிள்ளைகள் பிறந்துவிட்டன! எல்லாம் நிறைமாசப் பிள்ளைகள், எல்லாம் கொழுகொழுவென்று. சவேரியம்மா மீனை வெட்டிக்கொண்டே ஆணா பொண்ணா என்பாள், யார் சாயல் என்பாள், பால் இருக்கா தாய்க்கு, சுறாப்புட்டு செஞ்சு குடு என்பாள். ஹெப்சிபா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள், தகப்பன் சாயல், தலை நிறைய முடி, ராத்திரி தூங்க விடமாட்டேங்குது. ஒருநாள் பேர் கேட்டுவிட்டாள். "ஜெமிமா" என்று வாயில் வந்துவிட்டது. வேதத்தில் யோபுவுக்கு எல்லாம் போய்த் திரும்பக் கிடைத்த மகளின் பேர், பிள்ளை வயிற்றில் இருந்தபோதே எடுத்து வைத்திருந்த பேர், பொன்சிங்கைத் தவிர யாருக்கும் தெரியாத பேர். கண்ணாடிப் பெட்டியின்மேல்கூட அதை எழுதவில்லை, ஹெப்சிபாவின் பேரைப் போட்டு அவளுடைய பிள்ளை என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒரு கால் பாட்டிலுக்காக அதை மீன்காரியிடம் கொடுத்தாள். "நல்ல பேரும்மா, நூறு வருசம் இருக்கட்டும்" என்று சவேரியம்மா மீன் கையை நெற்றியில் வைத்து ஆசீர்வதித்தாள். அன்று குடித்ததுதான் ஹெப்சிபா குடித்ததிலேயே அதிகம். அன்றுதான் பொன்சிங் மத்தியானமே பட்டறையைச் சாத்திவிட்டு வந்ததும். ஆழ்குழாய் மோட்டாருக்குக் காயில் கட்டி வார்னிஷ் பூசுகிறவர், ஏதோ கம்பி தீர்ந்துபோனதென்று வந்தவர், பாயில் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சமையல்கட்டைப் பார்த்துச் சொன்னார், "வார்னிஷ்லயே கெடந்து மூக்கு செத்துப்போச்சு ஹெப்சி. கருவாடு பொரிச்சாக்கூட எனக்குத் தெரிய மாட்டேங்குது." எவ்வளவு சந்தோசம் அன்றைக்கு அவளுக்கு! மூக்கு செத்த புருசன் வாய்த்ததே கர்த்தர் கிருபை என்று படுத்துக்கொண்டே சிரித்தாள். ஆனால் இதென்ன, இப்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தால், வண்டியிலிருந்து மோட்டாரை இறக்கும் முன்னாலேயே வாசலில் நின்று மோந்து பார்த்து "காயில் கருகிப்போச்சு அண்ணாச்சி" என்று சொல்கிற மனுசன் அல்லவா அவர்? போன வாரம்கூடச் சொன்னாரே. செத்த மூக்கு எப்படி மோந்தது? இரண்டும் ஒரே மூக்குதானே, இவ்வளவு நாள் இதை ஏன் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை?

ஃபேன் கிறீச் கிறீச்சென்று சுற்றியது, காற்று எதிர்ப் பெஞ்சுக்குத்தான் போனது. கழுத்தில் வேர்வை ஓடியது. நினைக்கக் கூடாது, பைக்குள் ஒன்றும் இல்லை, கொண்டுவரவில்லை, கொண்டுவந்திருக்கலாமோ. கைகள் வாரை மீறித் துள்ளின. ஞாயிற்றுக்கிழமையும் இந்தக் கைகள்தான். கோயிலில் கொழுந்தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். எல்லாரும் வாங்கிக் கொஞ்சிவிட்டு அவள் கையிலும் கொடுத்தார்கள், பால்மணமும் பவுடர் மணமுமாக ஒரு கனம் கையில் உட்கார்ந்தது, உட்கார்ந்த உடனே ஆடியது. பிள்ளை ஆடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆடியது பிள்ளை இல்லை, அவள் கை. கொழுந்தன் பெஞ்சாதியின் முகம் மாறியது, அவள் கை முன்னால் நீண்டது, அதற்குள் பொன்சிங் குறுக்கே வந்து, "எங்கிட்டத் தா, எவ்வளவு நேரம் நீயே வச்சிருப்ப, எனக்கு ஆசையா இருக்குல்லா" என்று சிரித்தபடி பிள்ளையை வாங்கிக்கொண்டார். சபையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள்தான் சொன்னாள், என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, பிள்ளையக் கீழ போட்டிருப்பேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எதுக்கு என்றும் கேட்கவில்லை. சரி என்றார். அந்தச் சரிதான் அவளை இன்று காலையில் அரை டம்ளர் குடிக்க வைத்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"பொன்சிங்!" என்று உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார், அவளைப் பார்க்காமலே போனார். இப்போதாவது எழுந்துவிடு, கால்களே, எழுந்துவிடு. "போவட்டும் தாயி, மொதல்ல தனியாத்தான் கேப்பாக. பெறகு நம்மளக் கூப்புடுவாக" என்று மாரித்தாய் அவள் தோளைத் தட்டினாள். கதவு கிடையாது அந்த அறைக்கு, பச்சைத் திரைதான், பெஞ்சின் கடைசியில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. டாக்டர் பெண்பிள்ளை, சின்னக் குரல். எப்ப ஆரம்பிச்சது என்றாள். "பிள்ளை தவறினதுக்கு அப்புறம் டாக்டர்." அழுதீங்களா அப்ப? "இல்ல. ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாச்சு." தினமுமா? "தினமும். மத்தியானம். மொதல்ல மருந்து மாதிரிதான்." ஹெப்சிபா திரையைப் பார்த்துத் திரும்பினாள். மத்தியானம் என்று இவருக்கு யார் சொன்னது? எங்கே வைப்பீங்க என்றாள் டாக்டர். "தையல் மெசின் பெட்டியில." மாரித்தாய் பார்த்தியா என்பதுபோல முழங்கையால் இடித்தாள். "வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்றது சின்னக் குரல். "தெரியும் டாக்டர். மொதல் நாள்லயே தெரியும். மூக்கு இருக்குல்லா. தெரியாத மாதிரி இருந்தாச்சு. பிள்ளையும் போச்சு, இதையும் புடுங்கிட்டா அந்த மனசு எதப் புடிச்சுக்கிட்டு நிக்கும்னு ஒரு பயம். ஊர்ல அதுக்குப் பேரு பொறுமை. பொறுமையும் இல்ல ஒண்ணும் இல்ல, பயந்தான். அன்னைக்கே கையப் புடிச்சு ஏன்னு கேட்டிருக்கணும். கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது." டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாயிருக்கே! குடிச்சது நீங்க, குத்தம் அவங்க மேலயா? எல்லா ஆம்பளையும் இங்க வந்து இதைத்தான் சொல்றாங்க." "ஆமா டாக்டர், தப்புதான்" என்றார் பொன்சிங், மெதுவாக. அவர் ஏச்சு வாங்குகிறார். அவள் குடித்ததற்கும் ஏச்சு, கேட்காமல் இருந்ததற்கும் ஏச்சு, இரண்டையும் ஒரே ஆளாக உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறார். மூன்று வருசமாக அவள் ஒருத்திதான் அந்த வீட்டுக்குள் தனியாகக் கிடந்தாள் என்று நினைத்திருந்தாளே. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளின் முதுகுக்குப் பின்னால் ஒரு மனுசன் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"கடைசியா எப்பக் குடிச்சீங்க?" "சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமையில இருந்து தொடல." அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது, முதல் ரேங்க் வாங்கின பிள்ளையைப் பற்றிச் சொல்கிற தகப்பன் குரல். "நிச்சயமா? அதை வச்சுத்தான் மருந்து எழுதணும். மாத்திச் சொன்னா உங்களுக்குத்தான் ஆபத்து." "நிச்சயம் டாக்டர். சொன்னா சொன்னதுதான்." அவர் சொன்னதில் அது ஒன்றுதான் தப்பு. மற்றதெல்லாம் மோந்து கண்டுபிடித்த மனுசன், இதை மட்டும் மோந்து பார்க்கவே இல்லை, நம்பிவிட்டார். அதைப் போய் உடைக்க வேண்டும். தன் பேரைச் சொல்வதைவிட அதுதான் கஷ்டம் என்று இப்போது தெரிந்தது. உட்கார்ந்தே இருந்துவிட்டால் என்ன? அவர் பேரில் மாத்திரை வாங்கி வீட்டில் வைத்து விழுங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவரும் அதற்குத்தானே பேரைக் கொடுத்தார். வீட்டுக்குப் போகலாம், மத்தியானம் ஆகிறது, தெரு அடங்குகிற நேரம். இவ்வளவும் தோன்றியது. தோன்றிக்கொண்டே இருக்கும்போது அவள் எழுந்து நிற்கிறாள் என்பது மாரித்தாய் "இன்னும் கூப்பிடலியே தாயி" என்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

திரையை விலக்கினாள். "நீங்க வெளிய இருங்கம்மா, கூப்பிடுறேன்" என்றாள் டாக்டர். "சனிக்கிழமை இல்ல டாக்டர். இன்னைக்குக் காலையில. இவிய குளிக்கப் போயிருந்தப்ப." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவர் குளிக்கும்போது அவர் எப்படிம்மா குடிப்பார்?" யாரும் சிரிக்கவில்லை. ஹெப்சிபா பையின் வாரை அவிழ்த்து, கைகளை மேசைமேல் வைத்தாள், அவை பாட்டுக்கு ஆடின. "குடிக்கது நான். இவியளுக்கு வாசனையே ஆகாது." வாசலில் யாரோ, மாரித்தாயாகத்தான் இருக்கும், "யாத்தே" என்றாள். பொன்சிங் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் சுமந்த குடிகாரப் பேரை அவள் திருப்பி வாங்கிக்கொண்டதற்காக அல்ல, காலையில் என்று சொன்னாளே அதற்காகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை, நம்பி ஏமாந்த வெறும் முகம். பிறகு அந்த முகம் கோணியது. கல்லறைத் தோட்டத்தில், அந்தச் சின்னப் பெட்டியைத் தன் கையாலேயே இறக்கினபோதுகூட அழாத மனுசன், வேற்று மனுசர்கள் முன்னால், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். டாக்டர் அவருக்குத் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு ஹெப்சிபாவிடம், "நீங்க சொல்லுங்க. காலையில எவ்வளவு?" என்றாள். வாயை மூடிக்கொள், இதற்குமேல் அவரால் தாங்க முடியாது, அவருக்காகவாவது மூடிக்கொள் என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். "அரை டம்ளர்" என்றாள் ஹெப்சிபா. "நேத்தும் குடிச்சேன். முந்தாநாளும்." அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தவில்லை.